தேவாங்கைக் கொன்றால் ஜெயில். அது வாழும் மலையைத் தோண்டினால்?

தேவாங்கு என்று ஒரு பிராணி இருக்கிறது.

குச்சி குச்சியாகக் கை, கால். உருண்டைக் கண்கள். வால் கிடையாது. பகல் எல்லாம் மரத்தில் சுருண்டு தூங்கும். இருட்டிய பிறகு கிளைக்குக் கிளை மெல்ல நகர்ந்து, பூச்சி பிடித்துத் தின்னும். ஒல்லியான பையனைப் பார்த்து, "தேவாங்கு மாதிரி இருக்கிறாயே!" என்று பாட்டிமார் சொல்வார்கள் அல்லவா? அந்தத் தேவாங்குதான்.

இதை ஒருவர் கொன்றுவிட்டால் என்ன ஆகும்?

சட்டம் சும்மா விடாது. 1972-ம் ஆண்டில் வந்த வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் தேவாங்கின் பெயர் இருக்கிறது. புலிக்கு என்ன பாதுகாப்போ, யானைக்கு என்ன பாதுகாப்போ, அதே பாதுகாப்புதான் இந்த எலும்பும் தோலுமான பிராணிக்கும். கொன்றவருக்குக் குறைந்தது 3 ஆண்டு ஜெயில். 7 ஆண்டு வரைகூடப் போடலாம். அபராதம் 25 ஆயிரம் ரூபாய்க்குக் குறையாது.

நல்ல சட்டம். குறை சொல்ல ஒன்றும் இல்லை.

சரி, அந்தத் தேவாங்கு குடியிருக்கும் மலையையே ஒரு கம்பெனி ஏலத்தில் எடுத்து, தோண்டத் தயாரானால்?

இது வெறும் கற்பனை அல்ல. மதுரைக்குப் பக்கத்தில், 2024-ம் ஆண்டு கடைசியில், நடக்க இருந்த காரியம். கடைசி நேரத்தில் நின்றுபோனது. அதை நிறுத்தியது எது என்பதுதான் இந்த வாரம் நாம் பார்க்கப்போகும் விஷயம்.

ஏழு மலையும் எழுபத்திரண்டு கண்மாயும்

மதுரையில் இருந்து வடக்கே சுமார் 25 கிலோ மீட்டர் போனால் மேலூர் வட்டாரத்தில் அரிட்டாபட்டி என்ற கிராமம் வரும். ஊரைச் சுற்றி ஏழு சிறு மலைகள். மொட்டைப் பாறையாகத்தான் தெரியும். தூரத்தில் இருந்து பார்ப்பவர், "இதில் என்ன இருக்கிறது?" என்று கேட்பார்.

என்ன இல்லை என்று கேட்டால்தான் பொருத்தம்.

பாறையிலே விழும் மழை வீணாகப் போவது இல்லை. பிளவுகளில் இறங்கித் தேங்குகிறது. பிறகு அடிவாரத்தில் ஊற்றாகக் கசிகிறது. அப்படிப்பட்ட இயற்கைச் சுனைகள் இந்தப் பகுதியில் 200. கண்மாய்கள் 72. தடுப்பு அணைகள் 3. இது சர்க்காரே சொன்ன கணக்கு. ஒரு கண்மாய் நிறைந்தால் மறுகால் பாய்ந்து அடுத்த கண்மாய்க்குப் போகும். அது நிறைந்தால் அதற்கு அடுத்தது. இங்கே உள்ள ஆனைகொண்டான் கண்மாய் பழங்காலத்தில் வெட்டப்பட்டது. 

பறவைகளில் சுமார் 250 வகை. அவற்றிலே லகர் வல்லூறு, ஷாகீன் வல்லூறு, பொனெல்லிக் கழுகு ஆகிய மூன்றும் முக்கியமானவை. தரையில் அழுங்கு உண்டு. எறும்புத்தின்னி என்றும் சொல்வார்கள். மலைப்பாம்பு உண்டு. நம்முடைய தேவாங்கும் உண்டு.

மனிதன் விட்டுச் சென்ற சுவடுகளும் இருக்கின்றன. சமண முனிவர்கள் படுத்து உறங்கிய கல் படுக்கைகள். இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்ட தமிழி எழுத்துக் கல்வெட்டுகள். வட்டெழுத்துக் கல்வெட்டு. பாண்டியர் காலத்துக் குடைவரைச் சிவன் கோயில். அங்கே இருக்கும் லகுலீசர் சிற்பத்தைப் போல் தமிழ்நாட்டில் வேறு இடங்களில் காண்பது அபூர்வம்.

மலையும் நீரும் செடியும் பறவையும் மனிதரும் ஒன்றை ஒன்று சார்ந்து இருப்பதைத்தான் "பல்லுயிர் வளம்" என்று படித்தவர்கள் சொல்கிறார்கள். பெயர் பெரிதாக இருக்கிறதே என்று மிரள வேண்டாம். வல்லூறு இல்லாவிட்டால் எலி பெருகும். எலி பெருகினால் நெல் குறையும். அரிட்டாபட்டி விவசாயிக்கு இது பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுத்துத் தெரிய வேண்டிய பாடம் அல்ல.

பலகை வந்தது

2022 நவம்பரில் தமிழ்நாடு சர்க்கார் ஓர் அறிவிப்பு வெளியிட்டது. அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம் ஆகிய இரு கிராமங்களில் 193 ஹெக்டேர் நிலம் "பல்லுயிர்ப் பாரம்பரியத் தலம்" என்று அறிவிக்கப்பட்டது. ஏக்கர் கணக்கில் சொன்னால் சுமார் 477 ஏக்கர். தமிழ்நாட்டில் முதன்முதலாக இந்தப் பெருமையைப் பெற்ற இடம் இதுவே.

அறிவிப்புக்கு அடிப்படை, 2002-ம் ஆண்டின் பல்லுயிர்ச் சட்டம். 1992-ல் பிரேசில் நாட்டின் ரியோ நகரில் உலக நாடுகள் கூடி ஓர் ஒப்பந்தம் செய்தன. உயிரினங்களைக் காப்போம் என்று இந்தியாவும் அதில் கையெழுத்துப் போட்டது. அந்த வாக்கைக் காப்பாற்றுவதற்காகப் பாராளுமன்றம் இயற்றிய சட்டம் இது. இதை நிர்வகிக்கும் தேசியப் பல்லுயிர் ஆணையம் டெல்லியில் இல்லை. நம் சென்னை தரமணியில்தான் இருக்கிறது. 

இந்தச் சட்டத்தின் 37-வது பிரிவு, உயிர் வளம் மிக்க இடங்களை உள்ளாட்சி மன்றங்களைக் கலந்துகொண்டு பாரம்பரியத் தலமாக அறிவிக்கும் அதிகாரத்தை மாநில சர்க்காருக்குக் கொடுக்கிறது. இந்தியாவிலேயே முதன்முதலில் 2007-ல் அப்படி அறிவிக்கப்பட்டது ஒரு புளியந்தோப்பு! பெங்களூருக்குப் பக்கத்தில் நல்லூரில் இருக்கிறது.

ஆக, அரிட்டாபட்டிக்குச் சட்டத்தின் காவல் கிடைத்துவிட்டது. பலகை வந்துவிட்டது. இனிப் பயம் இல்லை என்று ஊரார் நினைத்தார்கள்.

அப்படி நினைத்ததில் ஒரு காரணமும் இருந்தது. கல்லை வெட்டுவது என்றால் என்ன என்று மேலூர் வட்டாரத்து ஜனங்களுக்கு யாரும் சொல்லித் தரவேண்டியது இல்லை. கிரானைட் குவாரிகள் அந்தப் பகுதியின் குன்றுகளைக் கரைத்த கதை 2012-ல் நாடு முழுவதும் நாறியது. அப்போது மதுரை கலெக்டராக இருந்த சகாயம் அனுப்பிய அறிக்கையை மறந்திருக்க மாட்டீர்கள். பிறகு ஐகோர்ட்டே அவரை விசாரணை அதிகாரியாக நியமித்தது. சூடு கண்ட ஊர் அது.

ஏலம் போன மலை

2024 நவம்பர் 7-ந்தேதி டெல்லியில் இருந்து ஒரு செய்தி வந்தது. மத்திய சுரங்கத் துறை கனிம நிலங்களை ஏலம் விட்டு முடித்து இருந்தது. அதில் ஒன்று "நாயக்கர்பட்டி டங்ஸ்டன் பகுதி". ஏலம் எடுத்தது இந்துஸ்தான் ஜிங்க் கம்பெனி. பரப்பு 2,015 ஹெக்டேர். அதாவது கிட்டத்தட்ட 5 ஆயிரம் ஏக்கர்.

அந்த 5 ஆயிரம் ஏக்கருக்குள்ளே, முழுதாக, அரிட்டாபட்டிப் பாரம்பரியத் தலமும் அடங்கி இருந்தது!

மாநில சர்க்கார் கெஜட்டில் "பாரம்பரியச் சொத்து" என்று இருக்கும் அதே மலை, மத்திய சர்க்கார் பட்டியலில் "கனிமப் பகுதி" என்று இருந்தது.

இது எப்படி நடந்தது? தெரியாமல் நடந்துவிட்டதா?

இல்லை. தெரிந்தேதான் நடந்தது. அங்கே 193 ஹெக்டேர் பாரம்பரியத் தலம் இருப்பதாகத் தமிழக சர்க்கார் முன்னதாகவே தகவல் கொடுத்தது என்று மத்திய சர்க்காரே பிற்பாடு ஒப்புக்கொண்டது. "ஆனால் ஏலம் விட வேண்டாம் என்று அவர்கள் சொல்லவில்லையே" என்றது டெல்லி. "முன்னமே ஆட்சேபித்துக் கடிதம் எழுதினோமே" என்றது சென்னை. யார் சொன்னது சரி என்று கட்சிக்காரர்கள் இன்னமும் வாதாடுகிறார்கள். அவர்களிடம் அதை விட்டுவிடுவோம்.

நாம் கவனிக்க வேண்டியது வேறு. ஏலத்தை நடத்தியவர்கள் சட்டத்தை மீறினார்களா? அதுதான் இல்லை! பாரம்பரியத் தலத்தை ஏலப் பட்டியலில் சேர்க்கக்கூடாது என்று பல்லுயிர்ச் சட்டத்தில் ஒரு வரி இல்லை. அதைத் தோண்டக்கூடாது என்றும் ஒரு வரி இல்லை. 37-வது பிரிவு, "அறிவிக்கலாம்" என்கிறது. "நிர்வாகத்துக்கு விதிகள் செய்யலாம்" என்கிறது. "இந்த அறிவிப்பால் யாருக்காவது பொருள் நஷ்டம் ஏற்பட்டால் ஈடு செய்யத் திட்டம் போடலாம்" என்றும் சொல்கிறது. அந்த நிலத்தில் இன்ன இன்ன செய்யலாகாது என்று மட்டும் சொல்லவில்லை.

வீட்டு வாசலில் "நாய் ஜாக்கிரதை" என்று பலகை மாட்டிவிட்டு, நாய் வளர்க்காத கதைதான்.

ஊர் திரண்டது

அரிட்டாபட்டி, வல்லாளபட்டி, கிடாரிப்பட்டி, நரசிங்கம்பட்டி என்று கிராமம் கிராமமாக ஜனங்கள் திரண்டார்கள். கிராம சபைகளில் எதிர்ப்புத் தீர்மானம் போட்டார்கள். மேலூரில் கடை அடைப்பு நடந்தது. டிசம்பர் 9-ந்தேதி தமிழக சட்டசபை ஏலத்தை ரத்து செய்யக் கோரித் தீர்மானம் நிறைவேற்றியது. எதிரும் புதிருமான கட்சிகள் எல்லாம் ஒரே பக்கம் நின்ற அபூர்வமான நாள் அது.

டிசம்பர் 24-ந்தேதி டெல்லி ஒரு படி இறங்கி வந்தது. பாரம்பரியத் தலத்தை மட்டும் விலக்கிவிட்டு எல்லையை மாற்ற முடியுமா என்று பார்க்கும்படி, இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையைக் கேட்டுக்கொண்டது. 

ஊரார் அதற்கும் சம்மதிக்கவில்லை. அவர்கள் சொன்னதிலே விஷயம் இருக்கிறது. 5 ஆயிரம் ஏக்கரில் 477 ஏக்கரை மட்டும் விட்டுவிட்டு மீதியைத் தோண்டினால் என்ன மிச்சம் ஆகும்? நடுவிலே மலை நிற்கும். சுற்றிலும் பள்ளம் இருக்கும். மலையில் இறங்கும் தண்ணீர் கண்மாய்க்கு வராது, பள்ளத்துக்குப் போகும். வெடி வைக்கும் சத்தத்தில் வல்லூறு கூடு கட்டாது. மரக்கிளையைப் பிடித்துக்கொண்டு ஊர்ந்து போகும் தேவாங்கு, பொட்டல் வெளியைத் தாண்டிப் போகத் தெரியாத பிராணி.

2025 ஜனவரி 7-ந்தேதி, நரசிங்கம்பட்டியில் இருந்து மதுரையை நோக்கி ஆயிரக்கணக்கானவர்கள் புறப்பட்டார்கள். கைக்குழந்தையோடு தாய்மார் வந்தார்கள். போலீசார் வழக்குப் போட்டார்கள். அந்த வழக்குகள் பிறகு வாபஸ் ஆயின. ஊர்ப் பிரதிநிதிகள் டெல்லிக்கே போய் மத்திய சுரங்க மந்திரி கிஷன் ரெட்டியைச் சந்தித்தார்கள். ஜனவரி 23-ந்தேதி ஏலம் ரத்து!

பட்டாசு வெடித்தது. இனிப்பு வழங்கினார்கள். வேண்டியதுதான்.

ஆனால், கொண்டாட்டம் அடங்கிய பிறகு ஒரு கேள்வி மிஞ்சுகிறது. மலையைக் காப்பாற்றியது சட்டமா? மேலூர் வட்டார ஜனங்களின் கால்கள். அவ்வளவுதான். கூட்டம் கூட்டத் தெரியாத ஊராக இருந்தால்? இந்தியாவில் எத்தனையோ குன்றுகள் ஐந்தாறு குடிசைகள் மட்டுமே உள்ள இடங்களில் இருக்கின்றன. அங்கே யார் நடப்பார்கள்?

பக்கத்துத் தேவாங்கின் அதிர்ஷ்டம்

அரிட்டாபட்டிக்கு அறிவிப்பு வந்ததற்கு முந்தின மாதம், 2022 அக்டோபரில், வேறோர் அறிவிப்பு வந்தது. கரூர், திண்டுக்கல் ஜில்லாக்களில் உள்ள கடவூர் காட்டுப் பகுதியில் 11,806 ஹெக்டேர் நிலம் தேவாங்குச் சரணாலயம் ஆயிற்று. இந்தியாவில் தேவாங்குக்கு என்றே அமைந்த முதல் சரணாலயம் அதுதான்.

கடவூர்த் தேவாங்கும் அரிட்டாபட்டித் தேவாங்கும் ஒரே ஜாதி. பக்கத்துப் பக்கத்து ஜில்லா. ஆனால் சட்டத்தின் கண்ணில் இரண்டும் வேறு வேறு.

எப்படி?

சரணாலயம் என்பது 1972-ம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் வருகிறது. தேசியப் பூங்காக்களிலும் சரணாலயங்களிலும், அவற்றின் எல்லையில் இருந்து ஒரு கிலோ மீட்டர் தூரத்துக்கும், சுரங்கம் தோண்டவே கூடாது என்று 2023-ல் சுப்ரீம் கோர்ட்டு திட்டவட்டமாகச் சொல்லிவிட்டது. ஆகவே கடவூர்த் தேவாங்கு நிம்மதியாகத் தூங்கலாம். பாரம்பரியத் தலத்துக்கு இந்த ஒரு கிலோ மீட்டர் வேலி கிடையாது. ஒரு முழ வேலிகூடக் கிடையாது.

"அப்படியானால் அரிட்டாபட்டியையும் சரணாலயமாக ஆக்கிவிடலாமே?" என்று கேட்பீர்கள். 

ஆக்க முடியாது, ஆக்கவும் கூடாது என்பது என் அபிப்பிராயம். கடவூர் காடு. அரிட்டாபட்டி ஊர். அங்கே நெல் விளைகிறது. ஆடு மேய்கிறது. மலை மேல் சாமி இருக்கிறது. பொங்கல் வைக்க ஜனங்கள் ஏறுகிறார்கள். சரணாலயம் என்றால் வனத் துறையின் கெடுபிடி வரும். விறகு பொறுக்கினால் கேள்வி, ஆட்டை ஓட்டினால் கேள்வி. பரம்பரை பரம்பரையாக மலையைக் காத்தவர்களே குற்றவாளிக் கூண்டில் நிற்க வேண்டி வரும்.

பாரம்பரியத் தலம் என்ற ஏற்பாட்டின் அழகே இதுதான். ஊராரின் பழக்க வழக்கங்களுக்குத் தடை போடுவது அதன் நோக்கம் அல்ல. அவர்களாக விரும்பி ஏற்கும் கட்டுப்பாடுகள் மட்டுமே போதும் என்பது அதன் வழிமுறை. நல்ல எண்ணம். ஆனால் ஆடு மேய்ப்பவரைத் தடுக்கக்கூடாது என்று நினைத்தவர்கள், பாறை உடைக்கும் இயந்திரத்தையும் தடுக்க மறந்துவிட்டார்கள்.

ஆட்டுக்குத் திறந்தும் இயந்திரத்துக்குச் சாத்தியும் இருக்கும் ஒரு கதவு வேண்டும். அப்படிப்பட்ட சட்டம் எழுத முடியுமா?

முடியும். நம் நாட்டிலேயே எழுதி இருக்கிறார்கள்.

தஞ்சாவூர் காட்டிய வழி

2020 பிப்ரவரியில் தமிழக சட்டசபை காவிரி டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக அறிவித்துச் சட்டம் செய்தது. விவசாயி உழலாம், விதைக்கலாம், அறுக்கலாம். எதைச் செய்யக்கூடாது என்பதற்குத் தனியாக ஒரு பட்டியல் உண்டு. எண்ணெய்க் கிணறு, இயற்கை எரிவாயு, நிலக்கரிப் படுகை மீத்தேன், தாமிர உருக்காலை, தோல் பதனிடும் தொழிற்சாலை ஆகியவை புதிதாக வரக்கூடாது. ஏற்கனவே நடப்பவற்றை அந்தச் சட்டம் தொடவில்லை என்பது ஒரு குறைதான். இருந்தாலும் பட்டியல் இருக்கிறது.

அந்தப் பட்டியல் உபயோகப்பட்டதா? 2023 ஏப்ரலில், பழுப்பு நிலக்கரி ஏலத்தில் டெல்டாப் பகுதியும் சேர்ந்து வந்தது. தஞ்சாவூர் ஜில்லா வடசேரி அதிலே ஒன்று. விவசாயிகள் எதிர்த்தார்கள். "எங்கள் சட்டத்தைப் பாருங்கள்" என்று தமிழக சர்க்கார் எடுத்துக் காட்டியது. சில நாட்களிலேயே மூன்று இடங்களை மத்திய சர்க்கார் ஏலத்தில் இருந்து நீக்கியது. 

அரிட்டாபட்டிக்கு இரண்டரை மாதங்கள். டெல்டாவுக்குச் சில நாட்கள். கையிலே ஒரு தடைச் சட்டம் இருந்ததற்கும் இல்லாததற்கும் உள்ள வித்தியாசத்தில் இதுவும் ஒன்று.

அப்படியானால் மாநில சர்க்கார்களே ஒவ்வோர் இடத்துக்கும் சட்டம் செய்துகொண்டால் போதாதா? போதாது. முக்கியக் கனிமங்கள் என்று 24 கனிமங்களைக் குறித்து, அவற்றை ஏலம் விடும் அதிகாரத்தை 2023-ல் பாராளுமன்றம் மத்திய சர்க்காருக்கே கொடுத்துவிட்டது. டங்ஸ்டன் அந்தப் பட்டியலில் உண்டு. மாநிலம் போடும் பூட்டுக்கு டெல்லியிலே மறு சாவி இருக்கிறது. ஆகவே பூட்டும் டெல்லியில் செய்ததாக இருக்க வேண்டும். தேசியச் சட்டம் வேண்டும் என்று சொல்வதற்குக் காரணம் இதுதான்.

பல்லுயிர்ச் சட்டத்தில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. உயிர் வளம் நிறைந்த ஓர் இடத்துக்கு ஆபத்து என்று தெரிந்தால், அதைத் தடுக்கும்படி மத்திய சர்க்கார் மாநில சர்க்காருக்குக் கட்டளை இட வேண்டும் என்று 36-வது பிரிவு சொல்கிறது. சரி, ஆபத்து மத்திய சர்க்காரின் ஏலத்தாலேயே வந்தால்? அப்போது யாருக்கு யார் கட்டளை இடுவது? சட்டம் எழுதியவர்கள் அதை நினைத்துப் பார்க்கவில்லை.

குறைந்துபோன தண்டனை

இருக்கிற சட்டங்களாவது பலமாகி வருகின்றனவா என்று பார்த்தால், அங்கேயும் திருப்தி இல்லை.

போபால் விஷ வாயு 1984-ல் ஆயிரக்கணக்கானவர்களைக் கொன்றது. அந்தக் கொடுமைக்குப் பிறகு 1986-ல் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதை மீறினால் 5 ஆண்டு வரை ஜெயில் என்று இருந்தது. 2024 ஏப்ரல் 1-ந்தேதி முதல் ஜெயில் போய்விட்டது. 10 ஆயிரம் ரூபாய் முதல் 15 லட்சம் வரை அபராதம். அந்த அபராதத்தையும் கட்டாமல் இருந்தால்தான் ஜெயில். 15 லட்சம் என்பது நமக்குப் பெரிய தொகை. ஒரு பெரிய தொழிற்சாலை முதலாளிக்கு அது ஒரு கார் வாங்கும் காசு.

பல்லுயிர்ச் சட்டத்துக்கும் அதே நாளில் அதே கதி. உயிர் வளங்களை அனுமதி இல்லாமல் எடுத்துச் சென்று லாபம் பார்ப்பவர்களுக்கு முன்பு 5 ஆண்டு வரை ஜெயில் உண்டு. இப்போது இல்லை. ஒரு லட்சம் முதல் 50 லட்சம் வரை அபராதம். விசாரிப்பது கோர்ட்டு அல்ல, உயர் அதிகாரி.

இதற்குச் சர்க்கார் தரப்பில் ஒரு சமாதானம் சொல்கிறார்கள். "இந்தச் சட்டங்களில் ஜெயிலுக்குப் போனவர்கள் மிகக் குறைவு. வழக்குகள் இழுத்துக்கொண்டே போகின்றன. அபராதம் என்றால் சீக்கிரம் வசூல் ஆகும்" என்கிறார்கள். அதை அடியோடு தள்ளிவிட முடியாதுதான். ஆனால் திருடன் பிடிபடுவது இல்லை என்பதற்காகத் திருட்டுக்குத் தண்டனையைக் குறைத்துவிடுவோமா?

கேட்காமலே தோண்டலாம்

தண்டனைக் குறைப்பைவிட என்னைக் கவலைப்பட வைப்பது வேறோர் உத்தரவு. 

பெரிய சுரங்கம் வருவதற்கு முன் கலெக்டரோ அவர் பிரதிநிதியோ தலைமை தாங்கி, ஊராரைக் கூட்டி, கருத்துக் கேட்பது வழக்கம். 2006-ம் ஆண்டு அறிவிப்பு அதைக் கட்டாயம் ஆக்கியது. படிக்காத கிழவியும் எழுந்து நின்று, "என் கிணறு வற்றினால் நீ தருவாயா தண்ணீர்?" என்று கம்பெனி என்ஜினீயரைக் கேட்கலாம். அவர் பதில் சொல்லியாக வேண்டும். பதிவும் ஆகும். குறைகள் நிறைய உண்டு. கூச்சலும் குழப்பமும் உண்டு. இருந்தாலும் சாதாரண ஜனங்களுக்குச் சட்டம் போட்டுக் கொடுத்த ஒரே நாற்காலி அதுதான்.

2025 செப்டம்பர் 8-ந்தேதி மத்திய சுற்றுச்சூழல் துறை ஒரு குறிப்பாணை வெளியிட்டது. அணுக் கனிமங்கள், முக்கியக் கனிமங்கள் ஆகியவற்றுக்கான சுரங்கங்களுக்கு இந்தக் கருத்துக் கேட்புத் தேவை இல்லை! நாட்டின் பாதுகாப்புக்கும் தொழிலுக்கும் இவை அவசரம் என்பது காரணம்.

ஏலம் ரத்தாகி எட்டு மாதம்கூட ஆகவில்லை.

அரிட்டாபட்டி விவகாரத்தில் மத்திய சர்க்கார் சொன்ன ஒரு பதிலை இங்கே நினைத்துப் பார்க்க வேண்டும். "ஏலம்தானே விட்டோம்? சுரங்க அனுமதி கொடுத்துவிடவில்லையே. சுற்றுச்சூழல் பரிசீலனை எல்லாம் இனிமேல்தானே" என்றார்கள். முகூர்த்த நாள் வைத்து, பத்திரிகை அடித்து, பந்தலும் போட்டுவிட்டு, அதற்கு அப்புறம் ஜாதகப் பொருத்தம் பார்ப்பது போன்ற முறை அது. இப்போது அந்தப் பொருத்தம் பார்க்கும் சடங்கிலும் பெண் வீட்டாரை அழைக்க வேண்டியது இல்லை என்று ஆகிவிட்டது.

கன்னியாகுமரி ஜில்லா கிள்ளியூர் பக்கம் கடற்கரை மணலில் இருந்து அணுக் கனிமம் எடுக்கும் திட்டத்தை மீனவர்கள் எதிர்த்து வருகிறார்கள். அவர்களையும் இந்தக் குறிப்பாணை தொடும்.

டங்ஸ்டன் வேண்டாமா?

வேண்டும். அதை மறைக்க நான் வரவில்லை.

அந்தக் காலத்து மஞ்சள் பல்பின் உள்ளே ஜொலித்த மயிரிழைக் கம்பி டங்ஸ்டன்தான். 3,400 டிகிரிக்கு மேல் காய்ச்சினால்தான் உருகும். உலோகங்களில் அதைப்போல் வெப்பம் தாங்குவது வேறு இல்லை. பல்பு போய் எல்.இ.டி. வந்துவிட்டது. ஆனால் இரும்பைக் குடையும் துரப்பணத்தின் முனைக்கும், லேத் பட்டறையின் வெட்டுக் கருவிக்கும், டாங்கியைத் துளைக்கும் குண்டுக்கும் டங்ஸ்டன் இல்லாமல் முடியாது. உலக உற்பத்தியில் நான்கில் மூன்று பங்குக்கு மேல் சீனாவிடம் இருக்கிறது. அந்த நாடு கையை மூடிக்கொண்டால் நாம் தவிக்க வேண்டியதுதான். 

அதனால் நாட்டில் எங்கேயாவது டங்ஸ்டன் எடுத்தாக வேண்டும் என்பதை ஒப்புக்கொள்வோம். ஆனால் ஒன்று. உலகத்தின் பெரும்பாலான டங்ஸ்டன் சுரங்கங்களில் ஒரு டன் பாறையை உடைத்துப் பொடியாக்கினால் கிடைப்பது சில கிலோதான். மீதி எல்லாம் கழிவு. அதை எங்கே கொட்டுவது? கண்மாய்க் கரையிலா? 

எங்கே எடுக்கலாம், எங்கே கூடவே கூடாது என்று முன்கூட்டியே கோடு கிழிப்பது தேசத் துரோகம் ஆகாது. கம்பெனிக்கும் அது லாபமே. ஏலம் எடுத்துவிட்டு இரண்டரை மாதத்தில் வெறுங்கையோடு திரும்பும் நஷ்டம் அவர்களுக்கு மிச்சம்.

அந்தக் கோட்டைக் கிழிக்கப் பெரிய மகாபாரதம் எழுத வேண்டியது இல்லை. பாரம்பரியத் தலத்திலும், அதற்குத் தண்ணீர் கொடுக்கும், அதிலிருந்து தண்ணீர் பெறும் நிலத்திலும் சுரங்க ஆய்வோ சுரங்கமோ கூடாது என்று 37-வது பிரிவில் ஒரு வாசகம் சேர்த்தால் ஆயிற்று. ஏலப் பட்டியல் தயாராகும்போதே அந்தந்தப் பஞ்சாயத்தின் பல்லுயிர் மேலாண்மைக் குழுவைக் கேட்டாக வேண்டும் என்று மற்றொரு வாசகம். அந்தக் குழுக்கள் ஏற்கனவே இருக்கின்றன. பசுமைத் தீர்ப்பாயம் கெடு வைத்து விரட்டியதால், நாடு முழுவதும் இரண்டரை லட்சத்துக்கு மேல் குழுக்கள் அமைந்துவிட்டன. பெரும்பாலானவை காகிதத்தில் தூங்குகின்றன. தங்கள் ஊரில் என்ன மரம், என்ன மீன், என்ன மூலிகை என்று பதிவேடு எழுதுவதோடு அவற்றின் வேலை முடிந்துவிடுகிறது. எழுதிய பதிவேட்டைச் சுரங்கத் துறை திறந்து பார்க்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

இதற்கிடையே பாரம்பரியத் தலங்கள் பெருகி வருகின்றன. 2025-ல் திண்டுக்கல் ஜில்லா காசம்பட்டியில் உள்ள கோயில் காடும், ஈரோடு ஜில்லாவில் எலத்தூர்க் குளமும் அந்தப் பட்டம் பெற்றன. காசம்பட்டிக் கோயில் காடு 5 ஹெக்டேர்கூட இல்லை. அங்கேயும் பலகை வைத்திருப்பார்கள்.

அரிட்டாபட்டியில் பாறைக்கு அடியிலே இருந்த டங்ஸ்டன் இன்னும் அங்கேயேதான் இருக்கிறது. ரத்தானது ஏலம் மட்டும்தான்.